முதியோர் பராமரிப்பும் இயலுமை மீட்புச் சேவையும்

பாரிசவாதத்தினாலோ இடுப்பெலும்பு முறிவினாலோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு வீடு திரும்பும் முதியவரை நமது கரையோர ஊர்கள் எவ்வாறு வரவேற்கின்றன என்பது யாவரும் அறிந்ததே. காற்றோட்டமான இடமாகப் பார்த்துக் கட்டில் போடப்படுகின்றது. மகள் உணவூட்டுகின்றாள், பேத்தி முகம் கழுவி விடுகின்றாள், மகன் தூக்கிக் கதிரையில் இருத்துகின்றான். நலம் விசாரிக்க வருவோரும் "ஒண்டுக்கும் எழும்பாதீங்க, எல்லாம் அவங்க பார்ப்பாங்க" என்று பரிவோடு சொல்லிச் செல்கின்றனர். இந்த அன்பில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், சில மாதங்கள் கழிந்த பின்னர் அதே முதியவர் உண்மையாகவே எதற்கும் எழும்ப முடியாதவராக ஆகிவிடுவதையும் பல வீடுகளில் காண்கின்றோம். அவரது ஆற்றலில் ஒரு பங்கை நோய் பறித்தது. இன்னொரு பங்கு, பயன்படுத்தப்படாமலே அழிந்துபோனது.

இந்த இரண்டாவது இழப்பைத் தடுப்பதற்கென உருவானதே ஆங்கிலத்தில் 'ரீஏபிள்மென்ட்' என அழைக்கப்படும் வீட்டுப் பராமரிப்புச் சேவையாகும். தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. 'புனர்வாழ்வு' என்ற சொல் நமது நாட்டில் யுத்தத்தோடும் போதைப்பொருளோடும் ஒட்டிக்கொண்டுவிட்டமையால், இக்கட்டுரையில் 'இயலுமை மீட்பு' என்ற தொடர் கையாளப்படுகின்றது. இச்சேவை என்ன, எங்கே தோன்றியது, எவ்வாறு நடைபெறுகின்றது, கல்முனைக் கரையோரத்தில் இதனை ஆரம்பிக்க என்ன தேவை என்பவற்றை விளக்குவதே இதன் நோக்கமாகும்.

முதுமையை நோக்கி நகரும் நாடு

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் சனத்தொகையில் 65 வயதைக் கடந்தோர் 7.9 வீதமாக இருந்தனர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 வீதமாக உயர்ந்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட இந்த உயர்வு சாதாரணமானதன்று. மேல், தென் மாகாணங்களோடு ஒப்பிடுகையில் கிழக்கு மாகாணம் இன்னும் இளமையானதே. எனினும் இது நமக்குக் கிடைத்துள்ள அவகாசமே தவிர, விதிவிலக்கு அன்று.

நமது பிரதேசத்திற்கே உரிய சில காரணங்கள் இப்பிரச்சினையை மேலும் சிக்கலாக்குகின்றன. கிழக்கின் கரையோரத்தில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும், வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து மாப்பிள்ளையை மனைவி வீட்டில் குடியமர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகின்றது. பெற்றோர் மகளோடு ஒரே கூரையின் கீழோ, அதே வளவிலுள்ள சிறிய வீட்டிலோ முதுமையைக் கழிக்கின்றனர். எனவே பராமரிப்பின் முழுப் பாரமும் மகள்மாரின் தோள்களிலேயே விழுகின்றது. அந்த மகள் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிப்பெண்ணாக இருந்தால், அல்லது ஆசிரியையாகவோ உத்தியோகத்தராகவோ காலையில் வெளியேறுபவராக இருந்தால், கட்டிலில் கிடக்கும் தாயை யார் பார்ப்பது என்ற வினாவிற்கு விடையில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிய சுனாமி இன்னொரு காரணமாகும். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த நடுத்தர வயதுப் பெற்றோர் இன்று முதியோராகியுள்ளனர். அவர்களைப் பராமரித்திருக்க வேண்டிய கைகள் இன்றில்லை. அனர்த்தத்தின் பின் எழுப்பப்பட்ட தொடர்மாடி வீடுகளில் மேல்மாடியில் குடியமர்ந்தோருக்கோ படிக்கட்டே சிறைச்சுவராகிவிடக் கூடும்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என விதித்து, பராமரிப்புக் கோருவதற்கான சபையொன்றையும் அமைத்தது. இச்சட்டம் அவசியமானதே. ஆனால் கைவிடப்படாத முதியவரின் பிரச்சினையை அதனால் தீர்க்க முடியாது. நாள் முழுவதும் சூழ இருந்து பார்க்கும் பிள்ளைகளின் மத்தியிலேயே தமது வல்லமையை இழப்பவருக்குத் தேவையானது வேறு.

இயலுமை மீட்பு என்றால் என்ன?

வழக்கமான வீட்டுப் பராமரிப்பில் பராமரிப்பவர் வருகின்றார், குளிப்பாட்டுகின்றார், உடுத்தி விடுகின்றார், உணவு கொடுக்கின்றார், செல்கின்றார். நாளையும் அதே வேலை; அடுத்த வருடமும் அதே வேலை. இயலுமை மீட்புச் சேவையில் வருபவரோ முதியவர் தாமே குளிக்கவும் உடுக்கவும் பழக்குகின்றார். குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் தமது வருகை தேவையற்றதாகிவிட வேண்டும் என்பதே அவரது இலக்கு.

இயன்மருத்துவத்திலிருந்தும் இது ஓரளவு வேறுபடுகின்றது. இயன்மருத்துவர் தசையின் வலிமையையும் மூட்டின் அசைவையும் மீட்க முயல்கின்றார். இயலுமை மீட்பு அந்த வலிமையைக் கொண்டு அன்றாட வாழ்வின் காரியங்களை, முதியவரின் சொந்த வீட்டில், அவரது சொந்தக் கட்டிலிலும் குளியலறையிலும் அடுப்படியிலும் வைத்துச் செய்யப் பழக்குகின்றது. வைத்தியசாலையின் சமதரையில் நடந்து காட்டியவர், தமது வீட்டு வாசற்படியில் தடுமாறுவதுண்டு. ஆகவே பயிற்சி வாசற்படியிலேயே நடைபெற வேண்டும்.

இதன் பின்னணியில் இரு உண்மைகள் உள்ளன. முதலாவது, படுக்கை முதியோருக்கு மருந்தன்று. 2007 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாட்கள் மாத்திரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். அந்தப் பத்து நாட்களில் அவர்களது கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோகிராம் தசை குறைந்தது. நோயற்றவருக்கே இவ்வாறாயின், நோயாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, இயலாமை உடலில் மாத்திரம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2001 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சர்வதேச வகைப்பாடு, உடல்நிலையும் சூழலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேயே இயலாமை பிறக்கின்றது என விளக்குகின்றது. மலசலகூடத்தில் ஒரு கைப்பிடி இல்லாமை ஒருவரை இயலாதவராக்கும். அதனைப் பொருத்துவது அவரை இயலுபவராக்கும்.

தோற்றமும் பரவலும்

1990களின் பிற்பகுதியில் மேற்கு அவுஸ்திரேலியாவில் சில்வர் செயின் என்ற நிறுவனம் வீட்டில் சுதந்திரமாக இயங்கும் ஆற்றலை மீட்பதற்கான திட்டமொன்றை ஆரம்பித்தது. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பிராந்தியம் 2000 ஆம் ஆண்டளவில் இதனைப் பரீட்சித்துப் பார்த்தது. பின்னர் ஏனைய உள்ளூராட்சி நிர்வாகங்களும் பின்பற்றின. 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் இச்சேவையை ஆறு வாரங்கள் வரை கட்டணமின்றி வழங்க வேண்டுமென விதித்தன.

டென்மார்க்கின் பிரடெரீசியா மாநகரம் 2008 ஆம் ஆண்டில், முதியோர் இயன்றவரை நீண்ட காலம் தமது வாழ்வைத் தாமே நடத்த வேண்டும் என்ற கருத்தோடு தனது வீட்டுப் பராமரிப்பு முறையையே மாற்றியமைத்தது. அதன் வழியில் 2015 ஆம் ஆண்டு முதல், பயன்பெறக் கூடியோருக்கு வழமையான வீட்டு உதவியை வழங்கும் முன்னர் இத்தகைய பயிற்சியை வழங்குதல் அந்நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் சட்டரீதியான கடமையாகியது. நோர்வேயிலும் கடந்த தசாப்தத்தில் இது வேகமாகப் பரவியது. இவை யாவும் செல்வந்த நாடுகள் என்பது உண்மையே. ஆயினும், மனிதக் கைகளை மேலும் மேலும் கூலிக்கு அமர்த்திப் பராமரிப்பை நடத்த முடியாது என்பதை உணர்ந்தே அவையும் இவ்வழிக்குத் திரும்பின. கைகளும் பணமும் குறைந்த நமக்கு அந்தக் காரணம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆறு வாரங்களில் நடப்பது என்ன?

சாய்ந்தமருதில் வசிக்கும் எழுபது வயதுத் தாயொருவரை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். பாரிசவாதத்தினால் அவரது வலது கையும் காலும் தளர்ந்துள்ளன. வைத்தியசாலையிலிருந்து வந்து மூன்று நாட்களாகின்றன.

முதலில் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டிற்கு வந்து, அவரால் எதைச் செய்ய முடிகின்றது என மதிப்பிடுகின்றார். இதற்கெனப் பல அளவுகோல்கள் உள்ளன. 1965 ஆம் ஆண்டில் வெளியான பார்தல் சுட்டி அவற்றுள் எளிமையானது. உண்ணுதல், குளித்தல், முகம் கழுவித் தலைவாருதல், உடுத்தல், மலங்கழித்தலில் கட்டுப்பாடு, சிறுநீர்க் கட்டுப்பாடு, மலசலகூடத்தைப் பயன்படுத்தல், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் ஆகிய பத்துக் கருமங்களுக்கும் புள்ளியிட்டு மொத்தம் 100 இற்குக் கணக்கிடப்படும். ஒரு தாளும் பேனையும் இதற்குப் போதும்.

அடுத்துக் கேட்கப்படும் வினாவே இச்சேவையின் உயிர்நாடி: "நீங்கள் எதனைத் தாமாகச் செய்ய விரும்புகின்றீர்கள்?" இதற்கு மகளோ வைத்தியரோ பதில் சொல்லலாகாது. அத்தாய் "நானே வுழூ எடுத்துத் தொழணும்" என்று சொல்லக் கூடும். பாண்டிருப்பிலோ காரைதீவிலோ உள்ள இன்னொரு தாய், விளக்கேற்றிவிட்டுக் கோயில் வாசல் வரை நடந்து போய்வர வேண்டும் என்பார். மருதமுனையின் நெசவாளி ஒருவர் தறியருகே மீண்டும் ஒருமுறை அமர வேண்டும் என்பார். இலக்கு அவருடையதாக இருந்தாலொழிய, வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்யும் மனம் எவருக்கும் வராது.

பின்னர் அந்த ஒரு கருமம் சிறுசிறு படிகளாகப் பிரிக்கப்படுகின்றது. வுழூ எடுப்பதற்குக் கட்டிலில் புரள வேண்டும், விளிம்பில் எழுந்து உட்கார வேண்டும், நிற்க வேண்டும், குளியலறைக்கு நடக்க வேண்டும், முக்காலியில் அமர வேண்டும், இடக்கையால் குழாயைத் திறக்க வேண்டும். இவற்றுள் எந்தப் படியில் தடை உள்ளதோ அங்கேதான் பயிற்சி. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களின் கீழ் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தப்படுகின்றது. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும் இடப்படுகின்றன. நடைவழியில் கிடக்கும் பாய் அகற்றப்படுகின்றது; இரவில் ஒரு சிறு விளக்கு எரிய விடப்படுகின்றது. குந்தியிருக்க முடியாதவருக்கு, நடுவில் துவாரமிட்ட உறுதியான கதிரையொன்றை ஊர்த் தச்சரே செய்து கொடுக்கலாம்.

குடும்பத்தவரும் சில முறைகளைக் கற்றுக்கொள்கின்றனர். சட்டை அணியும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது அதனை இறுதியாக எடுக்க வேண்டும். ஊன்றுகோலை நல்ல கையிலேயே பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது தளர்ந்த காலும் முதலில் செல்ல வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது தோள்மூட்டைச் சேதப்படுத்தும். ஆகவே அதனை ஒருபோதும் செய்யலாகாது. விழுங்குவதில் சிரமம் உள்ளதா என்பதை மருத்துவக் குழுவினர் பரிசோதித்த பின்னரே பாரிசவாத நோயாளிக்கு வாய்வழி உணவு கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் காத்திருத்தலாகும். தாம் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடக் கூடிய சட்டையைத் தாய் இருபது நிமிடம் போராடி அணிவதை, விழாமல் காத்தபடி கைகட்டிப் பார்த்திருப்பது மகளுக்கு வேதனையானதே. ஆனால் அந்த இருபது நிமிடங்களே சிகிச்சை. முதல் வாரத்தில் நாள்தோறும் வரும் பணியாளர், மூன்றாம் வாரத்தில் ஒன்றைவிட்ட நாளும், ஐந்தாம் வாரத்தில் ஓரிரு முறையும் மாத்திரம் வருவார். ஆறாம் வார முடிவில் மீண்டும் புள்ளியிடப்படும். இயன்றவை அவரிடம் ஒப்படைக்கப்படும்; இயலாதவற்றிற்கு நிரந்தர உதவி ஒழுங்கு செய்யப்படும்.

வணக்கமும் இயலுமையும்

இம்முறை மேற்கத்தியத் தனிமனித வாழ்வின் விளைபொருள், கூட்டுக் குடும்பமாக வாழும் நமக்குப் பொருந்தாது என்று சிலர் கருதக் கூடும். பெற்றோருக்குப் பணிவிடை செய்வதைப் பெரும் நன்மையாகக் கருதும் சமூகத்தில், "நீங்களே செய்யுங்கள்" என்று தாயிடம் சொல்வது அவமரியாதையாகத் தோன்றுவதும் இயல்பே.

ஆனால் மார்க்கம் இவ்விடயத்தில் காட்டும் வழியைச் சிந்திக்க வேண்டும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம். நீரைப் பயன்படுத்த இயலாதவர் தயம்மும் செய்யலாம் என்பன எல்லோரும் அறிந்த சலுகைகள். தொழ முடியாத தந்தைக்காக மகன் தொழுது கொடுக்கலாம் என்ற சலுகை மாத்திரம் இல்லை. ஒவ்வொருவரும் தமது இயலுமையின் அளவிற்கு, ஆனால் தாமே நிறைவேற்ற வேண்டும். உதவி என்பது அந்த இயலுமைக்கு ஏற்ப வழியை இலகுவாக்குவதே. இயலுமை மீட்பின் அடிப்படையும் இதுவன்றி வேறில்லை. ஐவேளை வுழூவும் தொழுகையும் ஒரு நாளில் எத்தனை முறை எழவும் குனியவும் கைநீட்டவும் வைக்கின்றன என்பதை எண்ணினால், அவையே இலக்காகவும் பயிற்சியாகவும் அமைவதைக் காணலாம்.

வலக்கை செயலிழந்தவர் இடக்கையால் உண்பதற்குக் கூசிப் பட்டினி கிடப்பதும், குறைவாக உண்பதும் நடக்கக் கூடியவையே. தகுந்த காரணமுள்ளவருக்கு இதில் குற்றமில்லை என்பதை ஊர் உலமாக்கள் எடுத்துச் சொன்னால், எந்த மருத்துவ ஆலோசனையையும் விட அது விரைவாகப் பலனளிக்கும். பள்ளிவாசலில் கதிரைகளும், வுழூ எடுக்குமிடத்தில் அமர்வதற்கான இருக்கையும் கைப்பிடியும் இருந்தால், ஜும்ஆவிற்குச் செல்வது முதியவருக்கு எட்டக்கூடிய இலக்காகிவிடும். கோயில், தேவாலயம் ஆகியவற்றின் வாசற்படிகளுக்கும் இது பொருந்தும். பெண்களுக்குப் பெண் பணியாளரே வர வேண்டும் என்பதும், நோன்பு மாதத்தில் பயிற்சி நேரம் மாற்றப்பட வேண்டும் என்பதும் ஆரம்பத்திலேயே திட்டமிடப்பட வேண்டியவை.

ஆய்வுகள் கூறுவது

எந்தப் புதிய சேவையையும் மிகைப்படுத்திப் புகழ்வது நன்றன்று. நம்பகமான மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2016 ஆம் ஆண்டில் இச்சேவை பற்றிய ஆய்வுகளை ஆராய்ந்தபோது, அதன் கடுமையான நியமங்களுக்குப் பொருந்தியவை இரண்டு ஆய்வுகளே. ஒன்று மேற்கு அவுஸ்திரேலியாவிலும் மற்றது நோர்வேயிலும் நடைபெற்றவை. மொத்தம் 811 பேர் பங்குபற்றினர். அன்றாடக் கருமங்களைச் செய்யும் ஆற்றலில் சிறிய முன்னேற்றம் ஏற்படலாம் என்றும், ஆயினும் சான்றுகளின் தரம் குறைவாகையால் உறுதியான முடிவிற்கு வர முடியாது என்றும் அத்தொகுப்பு கூறியது.

இதன் பொருள் இச்சேவை பயனற்றது என்பதன்று. எல்லோருக்கும் ஒரே அளவில் பயனளிக்கும் என்று வாக்குறுதி கொடுக்கலாகாது என்பதும், எங்கு ஆரம்பித்தாலும் பலன்களை அளந்து பதிய வேண்டும் என்பதுமே இதிலிருந்து பெறும் பாடமாகும். எலும்பு முறிவு, பாரிசவாதம், நீண்ட காய்ச்சல், சத்திரசிகிச்சை போன்றவற்றின் பின்னர் திடீரென ஆற்றல் குறைந்தோரே பொதுவாகக் கூடுதல் பயன் பெறத்தக்கவர்கள். மறதி நோய் முற்றியோரிடம் இலக்குகள் சிறிதாகவே இருக்கும். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருப்போருக்குத் தேவையானது வலி தணிப்பும் அமைதியுமே அன்றிப் பயிற்சியன்று.

அண்டை நாட்டின் அனுபவம்

செல்வந்த நாடுகளின் உதாரணங்களோடு நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடக்கி வைத்தார். உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்குமான மருந்துகளை வீடு தேடிக் கொடுப்பதோடு, இயன்மருத்துவச் சிகிச்சையையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டிலேயே வழங்குவது அதன் ஓர் அங்கமாகும். ஊர்ப் பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக வீடுகளுக்குச் செல்கின்றனர். 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் முகவரகங்களுக்கிடையிலான செயலணியின் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. இது முழுமையான இயலுமை மீட்புச் சேவை அல்லவாயினும், இயன்மருத்துவர் கட்டிலருகே வருவது நம்மைப் போன்ற சமூகத்திலும் சாத்தியமே என்பதை நிரூபித்துள்ளது.

கேரளாவின் மலப்புரம் மாவட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அம்மாவட்டத்தில், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் அயலவர் வலையமைப்பு என்ற பெயரில் நோய்த்தணிப்பு இயக்கம் வேரூன்றியது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் படுக்கையில் உள்ளோரை வாரந்தோறும் சந்தித்தனர். சிறுதொகை நன்கொடைகளால் இயக்கம் நடைபெற்றது. 2008 ஆம் ஆண்டில் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்பிற்கெனத் தனிக் கொள்கையை வகுத்து, உள்ளூராட்சி மன்றங்களையும் இப்பணியில் இணைத்தது. மக்கள் ஆரம்பித்ததை அரசு ஏற்றுக்கொண்ட இந்த வரிசைமுறை கவனத்திற்குரியது.

கல்முனைக் கரையோரத்தில் ஆரம்பிப்பது எவ்வாறு?

இலங்கையில் இப்பெயரில் சட்டரீதியான சேவை எதுவும் இல்லை. ஆனால் வீடு தேடிச் செல்லும் சுகாதார சேவை நமக்குப் புதிதன்று. 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதார அலகிலிருந்து வளர்ந்த முறைமையினாலேயே இன்றும் குடும்பநல மருத்துவிச்சி கர்ப்பிணித் தாயின் வாசலுக்குப் பதிவேட்டோடு வருகின்றார். தாய், சேய் மரணங்களைக் குறைத்து உலகின் பாராட்டைப் பெற்ற முறைமை அது. பிறப்பின் வாசலில் நிற்கக் கற்றுக்கொண்ட நாடு, முதுமையின் வாசலிலும் நிற்கக் கற்றுக்கொள்ள முடியும்.

தேவையான உறுப்புகளில் பல நம்மிடமே உள்ளன. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. கரையோரத்திற்கெனத் தனியான பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை கல்முனையில் இயங்குகின்றது. அதன் கீழ் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊர்தோறும் உள்ளன. சமூக மட்டப் பராமரிப்பிற்கெனப் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவியும் சுகாதார அமைச்சினால் உருவாக்கப்பட்டுள்ளது. பிரதேச செயலகங்களினூடாக முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்குவதே குறை. வைத்தியசாலையிலிருந்து முதியவர் வெளியேறும் தகவல், அவரது ஊர்ச் சுகாதாரப் பணிமனைக்கு அன்றே சென்றடையும் ஒழுங்கு முதலில் வேண்டும்.

அடுத்து, அருகருகே உள்ள சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய இரு சுகாதாரப் பிரிவுகளில் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை ஆரம்பிக்கலாம். ஒன்று முஸ்லிம் ஊர். மற்றது தமிழ் ஊர். ஓர் இயன்மருத்துவர், ஒரு தாதிய உத்தியோகத்தர், பயிற்சி பெற்ற சில ஊர்ப் பெண்கள் ஆகியோரைக் கொண்ட ஒரே குழு இரண்டிற்கும் சேவையாற்றலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு நிர்வாக எல்லை ஒரு பொருட்டன்று. 1986 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இயங்கிவரும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா நிறுவனத்திற்கு வீட்டுப் பராமரிப்பாளரைப் பயிற்றுவித்த அனுபவம் உண்டு. மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம், ஆரம்பத்திலும் ஆறு வாரங்களிலும் ஆறு மாதங்களிலும் புள்ளிகளைப் பதிந்து பலனை மதிப்பிடும் பொறுப்பை ஏற்கலாம்.

கைப்பிடி, நடைச்சட்டகம், உயர்ந்த இருக்கை போன்றவற்றிற்குப் பெருந்தொகை தேவையில்லை. வறிய குடும்பங்களுக்காக ஊர்களின் பைத்துஸ் ஸகாத் நிதியங்களும் பள்ளிவாசல், ஆலய பரிபாலன சபைகளும் இவற்றை வாங்கி வைத்து, தேவை முடிந்ததும் மீளப் பெற்று அடுத்தவருக்கு வழங்கும் களஞ்சியமொன்றை நடத்தலாம். ஜனாஸாவிற்கான பொருட்களை ஊர்ப் பொதுவில் வைத்திருக்கும் நாம், உயிரோடு இருப்பவர் எழுந்து நடப்பதற்கான பொருட்களையும் பொதுவில் வைத்திருக்கலாகாதா?

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

இத்திட்டம் நாடப்படும்போது மூன்று விடயங்களில் விழிப்பு அவசியம். முதலாவது, அரசு தனது செலவைக் குறைப்பதற்கான சாக்காக இது ஆகிவிடலாகாது. ஆறு வாரங்களின் பின்னும் இயலாதவருக்கு நிரந்தர உதவி தொடர வேண்டும். "பயிற்சி கொடுத்தோம், இனி உங்கள் பாடு" என்று கைகழுவுவது சேவையன்று. இரண்டாவது, பயிற்சியின் பாரமும் மகள்மாரின் மீதே ஏற்றப்படலாகாது. ஊதியமற்ற அவர்களது உழைப்பைக் குறைப்பதே நோக்கம் என்பதால் மகன்மாரும் பேரன்மாரும் பயிற்சியில் பங்குகொள்ள வேண்டும். தொண்டராக வரும் ஊர்ப் பெண்ணிற்கு உரிய கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டைவிட்டு வெளியேறியுள்ளனர். ஆளணியின்றித் திட்டத்தின் பெயர்ப்பலகையை மாத்திரம் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை. இரண்டு ஊர்களில் செம்மையாக நடப்பது, இருபது ஊர்களில் பெயரளவில் நடப்பதிலும் மேலானது.

அரசின் தீர்மானத்திற்காகக் காத்திராமல் ஒவ்வொரு குடும்பமும் இன்றே ஆரம்பிக்கக் கூடிய பங்கும் உண்டு. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் முன்னர், இவர் எதையெல்லாம் தாமே செய்யலாம், எதைச் செய்யலாகாது என வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டறிதல் வேண்டும். மார்பு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்திய உதவியை நாட வேண்டும். ஏனைய வேளைகளில், ஒரு கரண்டி சோற்றை ஊட்டும் முன் அந்தக் கரண்டியை அவரது கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பிள்ளைகளின் கடமை என்பதில் நமது சமூகங்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. தமது உடலைத் தாமே சுத்தம் செய்து, தமது வணக்கத்தைத் தாமே நிறைவேற்றி, எவரது கையையும் எதிர்பாராமல் வாசல் வரை வந்து அமரும் கண்ணியத்தை அவர்களுக்கு மீட்டுக் கொடுப்பதும் அப்பணிவிடையின் ஒரு பகுதியே. பிராந்திய சுகாதாரப் பணிமனையும், மாநகர சபையும், பிரதேச செயலகங்களும், வணக்கத்தலங்களின் நிர்வாகங்களும் இவ்விடயத்தில் ஒரே மேசையில் அமர்வது காலத்தின் தேவையாகும்.